காதுப் பலகை யக்ஞநாராயணன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் ஆறுச்சாமி அவர்களே, பாலக்காட்டிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் வக்கீல் முத்துசுவாமி அவர்களே, மூணாறு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, உடுமலையில் ஒரு பஸ், பொள்ளாச்சியில் ஒரு பஸ் என்று மாறி மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சுடலை அவர்களே, அவருடைய மனைவி சுருளியம்மாள் அவர்களே, சித்தூர்த் தாலுகாவின் நெல் ஆலைக்காரர்களே, எண்ணெய் ஆலைக்காரர்களே, ஃபிட்டர்களே, தகர வேலைக்காரர்களே, பெருமாட்டியின் பெரியோர்களே, தாய்மார்களே! கடைசி வரிசையில் எனக்கு முகம் தெரியாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களை யார் அனுப்பியிருந்தாலும் சரி, அவர்களுக்கும் என் வணக்கம்.

நான் சென்னிமலை. இந்த ஊர் நெல் ஆலைக்காரன், நம் சங்கத்தின் செயலாளர். பயம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிக்கொள்ளும். எனக்கு நேர் எதிர், பயம் வந்தால் பேச்சு நிற்காது. இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன் என்று தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதுப் பலகை தந்த யக்ஞநாராயணன் போய்விட்டார்! பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார ஃபோர்மேனாக இருந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியும் ஓய்வெடுக்காமல் நம் ஆலைகளுக்கெல்லாம் பஸ் ஏறி வந்துகொண்டிருந்த மனிதர் போய்விட்டார்! மலையில் அவரை யக்ஞம் சார் என்றார்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயர் எவர் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை, எக்கியம் சாமி ஆக்கிவிட்டோம். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்து, என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்பார்.

அவருக்காக அழவேண்டியதை நான் கல்பாத்தியில் அவர் வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டேன். இன்று என் நெஞ்சில் இருப்பது துக்கத்தைவிடப் பயம்தான். தை பிறந்ததும் மதராஸில் பேட்டண்ட் ஆபீஸில் நம் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அதில் நம் முதல் சாட்சி யார்? அவர். அந்தப் பலகை யார் செய்தது, எந்த வருடம், ஏன் என்று வரிசையாகச் சொல்லக்கூடியவர் யார்? அவர். அவரை எரித்துவிட்டு வந்து இங்கே நிற்கிறோம். இனி யார் சொல்லப் போகிறார்கள்?

இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் பலர் அந்தப் பலகையைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு ஆலையில் பல மோட்டார்கள் ஓடும். எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச் ஒரே பலகையில், வரிசை வரிசையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். யக்ஞம் சார் என்ன செய்தார்? பலகைக்கு மேலே ஒரு கம்பி கட்டி, அதில் தகரத் தகடுகளை மாட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை ஒன்று மறைக்காமல், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக நிற்கும் காதுகள். நெல் குத்தும் தகட்டின் காதில் உலக்கைப் படம், சலிக்கிற தகட்டில் சல்லடைப் படம். வேண்டிய காதைப் பிடித்து இழுத்தால் அந்தத் தகடு பலகைமேல் இறங்கும், முன்பு இறங்கியிருந்தது தானாக மேலே ஏறிக்கொள்ளும். தகட்டில் வெட்டியிருக்கும் ஓட்டைகள் வழியாக அந்த வேலைக்கான ஸ்விட்சுகள் மட்டும் தெரியும். மற்றவை மூடியிருக்கும், தவறிக்கூடக் கை படாது.

ஒரே ஒரு ஸ்விட்ச் மட்டும் எந்தத் தகடு இறங்கினாலும் மூடாது. எல்லாத் தகட்டிலும் அதே இடத்தில் அதற்கு ஓட்டை இருக்கும். அது சிவப்பு. அதை அடித்தால் ஆலை முழுவதும் நிற்கும். புது ஃபிட்டர் யாராவது கிண்டலாக, "எந்தக் காதைத் திருகணுமுங்க சாமி?" என்று கேட்டால், அவரும் சிரித்துக்கொண்டே, முதலில் சிவப்பு எங்கே இருக்கிறது என்று சொல், பிறகு காதைத் திருகலாம் என்பார்.

இந்த எண்ணம் அவருக்குச் சும்மா வரவில்லை. இதோ முன்வரிசையில் இருக்கிறாரே சுடலை, அவருடைய வலது கையைப் பாருங்கள். அறுபத்தாறாம் வருடம், மலையில் அந்தத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் ரோலரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாடியில் இலை வாட்டும் விசிறியைப் போட நினைத்த ஒருவர் பக்கத்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார். ரோலர் சுற்றியது. விரல்கள் போயின. மேனேஜர் என்ன செய்தார்? ஒவ்வொரு ஸ்விட்சுக்குக் கீழேயும் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். யக்ஞம் சாரை விட்டால் அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் மேனேஜர் மட்டும்தான்.

யக்ஞம் சார் அந்த ஸ்விட்சைப் போடவில்லை. ஆனாலும் பலகை தன்னுடையது என்று கிடந்து தவித்தார். ஒருநாள் மேனேஜர் மேஜையில் டெலிபோன் நம்பர் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் எழுத்துகள் படிபடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, வேண்டிய எழுத்தைத் தொட்டால் வேண்டிய பக்கம் திறக்குமே, அந்தப் புத்தகம். அதிலிருந்து பிறந்ததுதான் காதுப் பலகை. அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் யாருடைய விரலும் போகவில்லை. என் ஆலையில் போகவில்லை. உங்கள் ஆலைகளில் போகவில்லை. இதைவிடப் பெரிய பட்டம் ஒரு மனிதருக்கு வேண்டுமா?

எழுபத்தொன்றில் என் ஆலையில் அவர் பலகை மாட்டினார். பக்கத்து ஆலைக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார், அவருக்கும் மாட்டினார். நம் ஊர்த் தகர வேலைக்காரர்களை உட்காரவைத்து வெட்டும் அளவுகளைச் சொல்லிக்கொடுத்தார். எங்கேயும் தன் பெயரைப் போடவில்லை. பேட்டண்ட் சட்டம் புதிதாக வந்தபோது ஆறுச்சாமி அண்ணனும் நானும் அவரிடம் போய், பதிவு செய்து வையுங்கள் என்று கெஞ்சினோம். மேனேஜர் மேஜையில் இருந்ததைப் பார்த்துச் செய்துவிட்டு, என் மூளையில் உதித்தது என்று எப்படி எழுதிக்கொடுப்பேன் என்று கேட்டார். அந்த நேர்மை எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி இன்ஜினீயர் வந்தார். இந்த ஊர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார், கல்பாத்திக்கும் போனார். யக்ஞம் சார் அவருக்கு ஒவ்வொரு தகட்டையும் கழற்றிக் காட்டினார், படம் வரையப் பென்சிலும் கொடுத்தார். அவருடைய மனைவி பர்வதம் அம்மாள் அடை வார்த்துப் போட்டார்கள். வந்தவர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எழுபத்தைந்தில் அந்தக் கம்பெனி, காது நீட்டிய தகட்டுப் பலகை எங்கள் கண்டுபிடிப்பு என்று மனுப் போட்டது. இந்த வருடம் அது கெஜட்டில் வந்தது.

பேட்டண்ட் என்றால் என்ன? அவர்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, சுவரில் மாட்டி ஓட்டவும் கூடாது. அவ்வளவுதான் விஷயம். மனு ஜெயித்தால் நம் பலகைகளை நாமே கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் செய்யும் பலகையை வாங்கி மாட்ட வேண்டும்.

கெஜட் செய்தியைக் கேட்டபோது யக்ஞம் சாருக்குக் கோபம் வரவில்லை. யார் செய்தால் என்ன, நன்றாகச் செய்தால் சரி என்றார். எங்களுக்குத்தான் ரத்தம் கொதித்தது. அப்புறம் வக்கீல் சார் அந்தக் கம்பெனியின் மாதிரிப் படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் படத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சிவப்பை மறைச்சுட்டானே, முத்துசுவாமி. பாக்க அழகா இருக்கணும்னு அதுக்கும் தனியா ஒரு தகடு போட்டிருக்கான். ஒருத்தன் கை உள்ளே போயிண்டிருக்கறச்சே இவா காதைத் தேடிண்டு நிப்பாளா?"

அன்றைக்குத்தான் அவர் சண்டைக்குத் தயாரானார், மனுவை எதிர்த்து வழக்குப் போடச் சொன்னார். தன் பெயருக்காக அல்ல, அந்தச் சிவப்பு ஸ்விட்சுக்காக! பலகையைத் திருடியவன் அதை ஒழுங்காகவாவது திருடியிருக்கக்கூடாதா? இனி இந்த நாட்டில் அந்தப் பலகையைச் செய்யும் உரிமை அவனுக்கு மட்டும்தான் என்றால், ஒவ்வொரு ஆலையிலும் சிவப்பு மறைந்துதானே கிடக்கும்? அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் சரியான தூக்கம் இல்லை.

வக்கீல் சார் தைரியம் சொன்னார். நாலு பேர் பார்க்க ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளுக்கு பேட்டண்ட் கிடையாது, எழுபத்தைந்துக்கு முன்பே இங்கே ஓடியது என்று காட்டிவிட்டால் போதும் என்றார். இவ்வளவுதானா, கையில் வெண்ணெய் இருக்கிறதே என்று நினைத்தேன். என் ஆலைக்கு அழைத்துப் போய், எழுபத்தொன்றில் மாட்டிய பலகை இதுதான் என்று பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, இது போன மாதம் வாங்கியதா என்று கேட்டார்.

ஏன் கேட்டார் தெரியுமா? ஆயுத பூஜை! ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். இந்த வருடம் என் ஆலைக்கு ஒரு ஃபிட்டர், அடுத்த வருடம் வேறொருவர் என்று முறை வைத்து, அவரவர்க்குப் பிடித்த நிறத்தில் அடித்தோம். காதில் இருக்கும் படங்களையும் புதிதாக எழுதினோம். எந்தப் பலகையை எடுத்தாலும் நேற்றுச் செய்தது போல மின்னுகிறது. சரி, போட்டோ இருக்கிறதே என்று ஓடினேன். வருடா வருடம் பூஜையன்று ஆலை முன்னால் போட்டோ எடுக்கிறோமே! எடுத்தோம். ஆனால் பலகைக்குப் புது வேட்டி கட்டி, சந்தனம் அப்பி, மாலை போட்டு, வாழைக்கன்றை முன்னால் நட்டு எடுத்தோம். வக்கீல் சார் ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துவிட்டுப் பலகை எங்கே என்று கேட்டார். மாலைக்குப் பின்னால் என்றேன்.

"சென்னிமலை, உங்க பக்தியே உங்களுக்கு எதிர்க்கட்சிச் சாட்சி" என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், அந்தப் பலகை என்னுடையதாக இல்லாமல் இருந்திருந்தால்.

மலையில் இருக்கும் முதல் பலகையாவது பழசாக இருக்கும் என்று யக்ஞம் சார் கிளம்பினார். அந்த மழையில் போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். போனார். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, சார் உங்கள் பலகையை எப்படி வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று கூட்டிப் போனார்கள். பளபளவென்று புதுப் பச்சைப் பெயிண்ட்! அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லையாம். நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவர் தோளையும் தட்டினாராம். இந்த வழக்கில் நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை, பலகையைத் தரமாட்டோம் என்று எஸ்டேட் நிர்வாகம் கைவிரித்துவிட்டது.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. பலகையின் ஒரு மூலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்த இடத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் வேறொன்று. திரும்பும் வழியில் பெருமாட்டியில் இறங்கி என் ஆலைக்கு வந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. என் பலகையின் ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டினார். அங்கேயும் அடுக்கடுக்காக நிறங்கள். எல்லாவற்றுக்கும் கீழே அவரே அடித்த சாம்பல் நிறம். வருடத்துக்கு ஒரு பூச்சு, எண்ணிக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சிரித்தார், அவர் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. சூடாகக் காபி கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வக்கீல் சாரிடம் கேட்டேன், இனி என்ன என்று. பூச்சுகள் நல்ல சாட்சிதான், ஆனால் பெயிண்ட் பேசாது என்றார். இந்த நீலம் இந்த வருடத்தில் நான் அடித்தது, இந்த மஞ்சள் அந்த வருடத்தில் நான் அடித்தது என்று அடித்தவரே வந்து சத்தியம் செய்ய வேண்டும். நடுவில் ஒரு நிறத்துக்கு ஆள் வராவிட்டால் எதிர்க்கட்சி வக்கீல் அந்த இடத்தில் கையை வைப்பான், போன வருடமே எல்லாவற்றையும் சேர்த்து அடித்தீர்கள் என்பான்.

நண்பர்களே, அந்த நிறங்கள் எல்லாம் யார்? இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தானே? உங்களில் சிலரிடம் கம்பெனி ஏஜெண்ட் வந்திருக்கிறான். இந்தப் பலகையை முதன்முதலில் கம்பெனியின் மாதிரியில்தான் பார்த்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் ஆலைப் பக்கம் வரமாட்டோம் என்று ஆசை காட்டியிருக்கிறான். சிலர் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இது இரங்கல் கூட்டம். பிள்ளைகுட்டிக்காரர்கள், கோர்ட்டு கச்சேரி என்றால் பயம்தான். எனக்கு இல்லாத பயமா? ஆனால் போட்ட கையெழுத்தை விசாரணைக்கு முன்னால் உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல் சார். வழி இன்னும் அடைபடவில்லை.

சுடலையைச் சாட்சிக்குக் கூப்பிட நாங்கள் யாரும் துணியவில்லை. விரல் போனபிறகு எஸ்டேட்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை, குடியிருக்க லைன் வீடு, எல்லாம் நிர்வாகத்தின் தயவு. அவரை எப்படிக் கேட்பது? இன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரே என்னிடம் வந்தார்.

"நான் மதராஸுக்கு வாரேன்யா. எப்ப கை போச்சு, எப்ப பலகை வந்துச்சுன்னு என்னையத் தவிர எவன் சொல்லுவான்?"

பக்கத்தில் நின்ற சுருளியம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "நான் வேண்டாம்னு சொல்லலய்யா. மழக்காலத்துல வீட்ட விட்டு இறங்குன்னா எங்கிட்டுப் போறதுன்னுதான் ரோசிக்கேன்."

அப்படி ஒரு நாள் வந்தால் என் ஆலை வளவில் ஒரு வீடு உண்டு என்று மட்டும் சொன்னேன். அதை இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நாளைக்கு நான் பின்வாங்க முடியாதபடி.

பர்வதம் அம்மாள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. காரியம் முடிந்து சில நாள்தான் ஆகிறது, வெளியே வரும் வழக்கம் இல்லை. யக்ஞம் சார் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்கலாமா, படம் திறக்கலாமா என்று சங்கத்தின் சார்பில் போய்க் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றபடி பதில் சொன்னார்கள்.

"அவர் பேரைப் போட்டு ஒண்ணும் வேண்டாம். போறதுக்கு முன்னாடி ராத்திரி பூரா, சிவப்பு மறையப்படாது, சிவப்பு மறையப்படாதுன்னு சொல்லிண்டே இருந்தார். அதுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்கோ."

அதைத்தான் பண்ணப் போகிறோம். கல்வெட்டு வேண்டாம், படம் வேண்டாம். யக்ஞநாராயணன் அவர்களே! நீங்கள் தொடங்கிய வழக்கை நாங்கள் நடத்துவோம். சிவப்பு மூடிய ஒரு பலகையும் எங்கள் ஆலைச் சுவரில் ஏறாது. ஜெயிப்போம் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. எதிரில் இருப்பவன் பெரிய இடம், எங்களிடம் இருப்பதோ சில பூச்சுப் பெயிண்ட். ஆனால் போவோம். அதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்போது வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். தலைவர் அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அதில் ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். மௌனம் முடிந்ததும் தலைவர் உட்காரச் சொல்வார். எல்லோரும் உட்காரலாம். என் வருடத்து நிறம் இது என்று மதராஸில் வந்து சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் உட்கார வேண்டாம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், யாரையும் முறைத்துப் பார்க்க மாட்டேன். நான் இந்த மேடையில் நின்றுகொண்டுதான் இருப்பேன், கண்ணைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தாலும் திறந்து பார்ப்பேன்.

எழுந்திருங்கள்.